கார் கதவு திறக்கவில்லையா? முதலில் அறிகுறியைப் பாருங்கள்

செட்டிநாட்டில் கார் பூட்டிக்கொண்டால் மற்ற ஊர்களைவிடத் தொல்லை கொஞ்சம் கூடுதல்தான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். கார் மாதக்கணக்கில் பின்கட்டு ஷெட்டில் நிற்கும். கல்யாணம், கோயில் காரியம் என்று எல்லோரும் வந்து இறங்குகிற நாளில்தான் அது திறக்காமல் அடம்பிடிக்கும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ மாட்டிக்கொண்டால், பெரும்பாலும் காரைக்குடியில் இருந்துதான் மெக்கானிக் வர வேண்டும். அதற்குள் அக்கம்பக்கத்தில் யாராவது இரும்பு ஸ்கேலோடு உதவிக்கு வந்துவிடுவார். அந்த ஸ்கேல் கதவுக்குள் இறங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இப்போதைய கார் சாவிக்கு மூன்று வேலை. இரும்புச் சாவி கதவுப் பூட்டைத் திருப்புகிறது. ரிமோட் பட்டன் சென்ட்ரல் லாக்குக்கு ரேடியோ அலையில் உத்தரவு அனுப்புகிறது. சாவிக்குள் புதைந்திருக்கும் சின்னச் சிப், இது இந்த வண்டியின் சாவிதான் என்று இன்ஜினுக்குச் சொல்கிறது. இந்த மூன்றும் தனித்தனி. இரும்புச் சாவிக்கு மின்சாரமே வேண்டாம். ரிமோட்டுக்கு அதன் செல்லும் வேண்டும், கார் பேட்டரியும் வேண்டும். சிப்புக்குச் சொந்தமாகச் செல் தேவையில்லை. கார் பேட்டரி இருந்தால் போதும். இந்த மூன்றில் எது நின்றுபோனது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போதும் அதைத்தான் சொல்ல வேண்டும். "அண்ணே, கார் தொறக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் அவர் எதை எடுத்துக்கொண்டு வருவார்? "அண்ணே, சாவி கையில இருக்கு, ரிமோட் அமுக்குனா ஒண்ணும் வரல, உள்ள லைட்டும் எரியல" என்று சொல்லிப் பாருங்கள். ஜம்பர் கேபிளோடு வந்து நிற்பார்.

உள்ளே குழந்தை இருக்கிறது, கதவு பூட்டிக்கொண்டது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. மூடிய கார் வெயிலில் நின்றால் 10 நிமிடத்திலேயே உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் இது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடாகும். ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்.

இன்னொரு சாவி வீட்டுக்குள்ளேயே இருந்து ஓரிரு நிமிடத்தில் கைக்கு வரும் என்றால் சரி. இல்லாவிட்டால் கண்ணாடியை உடையுங்கள். கூடவே ஒருவர் 112-க்குப் போன் செய்யட்டும். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101.

உடைப்பதிலும் முறை உண்டு. முன் கண்ணாடியைத் தொடாதீர்கள். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கதவுக் கண்ணாடி பெரும்பாலும் சூட்டில் கெட்டிப்படுத்தியது, ஒரு புள்ளியில் பலமாக அடி விழுந்தால் பொடிப்பொடியாக உதிரும். குழந்தை இருக்கும் இடத்தில் இருந்து தள்ளி உள்ள கதவைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து கொடுக்கும். அதனால் ஓரத்தில், கீழ் மூலைப் பக்கம், வீல் ஸ்பேனர் முனையாலோ கூரான சுத்தியலாலோ அடியுங்கள். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி விலை குறைவாக இருக்கும் என்று பலர் அதைத் தேடுவார்கள். பல கார்களில் அது பசை போட்டு ஒட்டியது, மாற்றுவது கதவுக் கண்ணாடியைவிடச் சிரமம். அதன் வழியாகக் குழந்தையைத் தூக்கவும் முடியாது.

கண்ணாடிக்குக் காசு ஆகும் என்று யாராவது தயங்கினால், தயவுசெய்து அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சாவி உள்ளே தெரிகிறது, எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை

இப்போது அவசரம் வேண்டாம். டிக்கி உட்பட ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பாருங்கள். ஒரு கதவு சரியாக மூடாமல் இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். ஹேட்ச்பேக் காரில் டிக்கி திறந்தால் பின் சீட்டுக்கு மேலாக உள்ளே போய்விடலாம்.

இது எப்படி நடக்கிறது என்றால், பல கார்களில் ரிமோட்டால் திறந்து சுமார் 30 விநாடிக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் வண்டி தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். டிக்கியை மட்டும் திறந்து, சாமானை வைத்து, அதோடு சாவியையும் வைத்து மூடுகிறவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

மாற்றுச் சாவி எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. நம் பக்கத்தில் அது அநேகமாகச் சென்னை வீட்டு பீரோவில் இருக்கும். இரவு வரை பொறுக்க முடியும் என்றால், மதியம் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில் வருகிற உறவினர் கையில் கொடுத்துவிடச் சொல்லலாம். ராத்திரி காரைக்குடி ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம். கதவைக் கெடுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

செயலி மூலம் கதவு திறக்கிற வசதி உள்ள கார் என்றால் அதையும் முயன்று பாருங்கள். ஆனால் அதற்குக் காருக்குள் இருக்கும் சிம்முக்கு டவர் கிடைக்க வேண்டும். உங்கள் போனுக்கும் கிடைக்க வேண்டும். நம் வீட்டுச் சுவர்களின் கனத்தில் வளவுக்குள் (உள்முற்றத்தில்) நின்றால் சிக்னல் வராத வீடுகள் உண்டு. தெருவுக்கு வந்து அமுக்குங்கள்.

சரி, ஸ்கேல். அம்பாசடர், பழைய மாருதி 800, ஆம்னி காலத்தில் கதவுக்குள் நேராக ஒரு கம்பி இறங்கும். ஸ்கேலை விட்டு அதைத் தூக்கினால் பூட்டு திறந்துவிடும். அந்த நினைவில்தான் இன்றும் ஸ்கேல் வருகிறது. இப்போதைய கதவுகளில் பூட்டு ஒரு பெட்டிக்குள் மூடியிருக்கும், பல வண்டிகளில் கம்பிக்குப் பதில் கேபிள். அதே கதவுக்குள் பவர் விண்டோ ஒயர், ஸ்பீக்கர் ஒயர் எல்லாம் ஓடுகின்றன. சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான உணர்வியும் அங்கேதான். ஸ்கேல் எதையும் திறக்காது, ஏதாவது ஒன்றை அறுக்கும். கண்ணாடி ஓரத்தில் இருக்கும் பீடிங் ரப்பர் கிழிந்தால் அடுத்த ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் நிற்கும்.

தொழில் தெரிந்தவர் வேறு விதமாகச் செய்வார். கதவின் மேல் ஓரத்தில் ஒரு காற்றுப் பையைச் செருகி, மெதுவாக ஊதி, விரல் அளவு இடைவெளி உண்டாக்குவார். அதன் வழியாக, முனையில் ரப்பர் சுற்றிய நீண்ட கம்பியை விட்டு உள்கைப்பிடியையோ பூட்டுப் பட்டனையோ அசைப்பார். இதற்கான உதவி எண் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்திலோ, கார் கம்பெனி கொடுத்த ஸ்டிக்கரிலோ இருக்கும். சாலையோர உதவி சேர்த்து எடுத்திருந்தால் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். வருகிறவர் வண்டி உங்களுடையதுதானா என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆர்.சி. புத்தகம் காருக்குள் மாட்டியிருந்தால் போனில் எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் இருப்பதைக் காட்டினால் போதும்.

ஸ்மார்ட் சாவியை உள்ளே வைத்தே கார் பூட்டிக்கொண்டது

ஸ்மார்ட் சாவி என்றால், பையில் இருந்தபடியே கைப்பிடிப் பட்டனை அமுக்கிக் கதவு திறக்கிற சாவி. அது உள்ளே இருந்தால் பூட்டாது என்றுதானே விற்பனையாளர் சொன்னார்? உண்மைதான், பெரும்பாலும் பூட்டாது. கார் தன் ஆன்டெனாக்களால் சாவி உள்ளே இருக்கிறதா என்று தேடும். ஆனால் சாவிக்கு மேல் உலோகம் மூடியிருந்தால் அந்த அலை போய்ச் சேராது. கல்யாண வீட்டுக்குப் போகிற காரின் டிக்கியை நினைத்துப் பாருங்கள்: சீர்ச் சாமான், எவர்சில்வர் தூக்கு, முறுக்கு சம்படம். கைப்பை அவற்றுக்கு நடுவே. சாவி அந்தப் பைக்குள். காரைப் பொறுத்தவரை அங்கே சாவியே இல்லை.

டிக்கி தனியாக இருக்கும் செடான் கார் என்றால் டிக்கி மூடியதுமே பூட்டிக்கொள்ளும். கதவுகளில் ஒன்று திறந்திருந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் டிக்கி லீவரை இழுங்கள். எல்லாமே பூட்டியிருந்தால் மேலே சொன்ன காற்றுப் பை வழிதான். வண்டியை லேசாக ஆட்டிவிட்டுக் கைப்பிடிப் பட்டனை மறுபடி அமுக்கிப் பார்க்கலாம். சாமான் நகர்ந்து சாவிக்கு வழி கிடைத்தால் திறக்க வாய்ப்புண்டு. காசில்லாத முயற்சிதானே.

சாவி கையில் இருக்கிறது, பட்டன் அமுக்கினால் பதில் இல்லை, ஆனால் பூட்டியதைக் காட்டும் சிவப்பு விளக்கு உள்ளே மின்னுகிறது

கார் பேட்டரி நன்றாக இருக்கிறது. போனது சாவியின் பட்டன் செல். சில நாட்களாகவே காருக்கு மிக அருகே போனால்தான் திறந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்.

சாவியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து இரும்புச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவில் துவாரம் தெரியவில்லையா? பல கார்களில் அதைப் பிளாஸ்டிக் மூடியால் மறைத்திருப்பார்கள். கைப்பிடிக்குக் கீழ்ப்புறம் ஒரு சிறு பிளவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சாவி முனையை அதில் விட்டு நெம்பினால் மூடி கழன்று வரும். சில வண்டிகளில் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் அது வரும். இரும்புச் சாவியால் திறந்ததும் அலாரம் கத்தலாம். பயப்பட வேண்டாம், இன்ஜினுக்குச் சாவி அடையாளம் தெரிந்ததும் அது நின்றுவிடும்.

பட்டன் ஸ்டார்ட் காரில், செத்துப்போன சாவியை அப்படியே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து, பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். சிப்புக்குத் தேவையான சக்தியைப் பட்டனைச் சுற்றியுள்ள சுருளே கொடுத்துவிடும். சில மாடல்களில் இதற்கென்று கப் வைக்கும் இடத்திலோ நடுப் பெட்டியிலோ தனி இடம் இருக்கும். கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல் மாற்றுவது சுலபம். சாவியின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் இரண்டாகப் பிரியும். பழைய செல்லின் முதுகில் எண் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. சிஆர்2025, சிஆர்2016 என்றும் வரும். எல்லாமே 3 வோல்ட்தான், தடிமன்தான் வேறு. எண் மாற்றி வாங்காதீர்கள், ஆட்டம் கொடுக்கும். காரைக்குடி, தேவகோட்டைக் கடைத்தெருவில் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பழைய செல்லைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

ரிமோட்டுக்குப் பதில் இல்லை, எந்த விளக்கும் இல்லை, கார் பிணம்போலக் கிடக்கிறது

ஷெட்டில் நிற்கிற கார்களுக்கு வருகிற நோய் இதுதான். பூட்டி நிற்கும்போதும் காரின் அலாரம், கணினி, கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் காலி. போதாததற்கு வெப்பம்: சுமார் 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரி தானாகவே வடியும் வேகம் இரட்டிப்பாகும். தகரக் கூரை ஷெட்டில் ஏப்ரல், மே மாதங்களில் நிற்கும் கார் எப்படித் தாங்கும்? மின்கலம் உள்ளிட்ட மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றி வருஷா வருஷம் இத்தனை பேட்டரிகளைச் சாகவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும், கதவைத் திறப்பது தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால் அந்தக் காரும் திறக்காது.

திறக்கும் வழி: இரும்புச் சாவி, ஓட்டுநர் கதவு. பல கார்களில் துவாரம் இருப்பதே அந்த ஒரு கதவில்தான். சாவி திருப்பினால் அந்தக் கதவு மட்டும் திறக்கும், மற்றவற்றை உள்ளிருந்து கைப்பிடியால் திறந்துகொள்ளுங்கள். அப்புறம் பேட்டரியை எட்டுவதற்குப் பானெட் லீவரை இழுங்கள்.

ஜம்பர் கேபிள் கொடுக்க இன்னொரு 12 வோல்ட் வண்டி வேண்டும். கார், டாக்சி எதுவானாலும் சரி. லாரியிலும் பஸ்ஸிலும் இருப்பது 24 வோல்ட். அதில் இருந்து எடுத்தால் காரின் கணினி கருகிவிடும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையைச் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். கடைசியாகத் தொடும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம் என்பதால்தான் தள்ளி மாட்டுகிறோம். நல்ல வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது இதே வரிசையைத் தலைகீழாக.

காரை மூக்கு சுவரைப் பார்க்க ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தால் கேபிள் எட்டாது. கியர் வண்டி என்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளிக்கொண்டு வரலாம். ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படித் தள்ள விடாது, கியர் அருகே உள்ள ஷிப்ட் லாக் (கியரை நகரவிடாமல் பிடித்திருக்கும் பூட்டு) மூடியைத் திறந்து அமுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போதே ரிவர்ஸில் ஏற்றி, பானெட் வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டால் இந்தப் பாடு இல்லை.

மாதக்கணக்கில் விட்டுப் போகிறவர்கள் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுவது நல்லது. ஆனால் அதற்கு முன் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவு திறந்து மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரிமோட்டையே நம்பி வருடக்கணக்கில் அந்தத் துவாரத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கழற்றிய பிறகு பூட்டவும் இரும்புச் சாவிதான். மற்றக் கதவுகளைப் பூட்டும் முறை வண்டிக்கு வண்டி மாறும்: சிலவற்றில் உள்ளே பட்டனை அமுக்கிவிட்டு மூடினால் போதும், சிலவற்றில் கதவு விளிம்பில் உள்ள சிறு பள்ளத்தைச் சாவி முனையால் திருப்ப வேண்டும்.

சாவி நுழைகிறது, திரும்பவில்லை

செம்மண் புழுதி. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் விடாதீர்கள். இன்று வழுக்கும், அடுத்த மாதம் புழுதியோடு சேர்ந்து பசையாகும். பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, பல முறை செய்யுங்கள். கடையில் கிராஃபைட் பொடி கிடைத்தால் இன்னும் நல்லது. மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்துத் திருப்புங்கள். குறடு போட்டுத் திருகினால் சாவி உள்ளேயே முறியும்.

முறிந்துவிட்டால் மறுபாதியை வைத்துக் குத்தாதீர்கள், துண்டு இன்னும் ஆழமாகப் போகும். மெல்லிய இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். இரண்டு துண்டையும் பத்திரமாக வையுங்கள். அவற்றைச் சேர்த்துவைத்து மாற்றுச் சாவி வெட்டிவிட முடியும். சிப் பிளாஸ்டிக் தலைப்பகுதியில் இருக்கிறது, அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கதவு திறந்தது, ஆனால் வண்டி கிளம்பவில்லை

சாவி இக்னிஷனில் திரும்பவே இல்லை என்றால் ஸ்டியரிங் லாக். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

சாவி திரும்புகிறது, டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறது என்றால் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. மாருதியில் இந்த ஏற்பாட்டுக்கு ஐகேட்ஸ் என்று பெயர். கொத்தில் இன்னொரு காரின் சாவியும் சேர்ந்து தொங்கினால் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள். இரண்டு சிப் அருகருகே இருந்தால் குழப்பம் வரும். தெருவோரம் வெட்டிய, சிப் இல்லாத மாற்றுச் சாவியும் இப்படித்தான்: கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது.

பின் கதவு மட்டும் உள்ளிருந்து திறக்கவில்லையா? அது குழந்தைப் பூட்டு. வெளியிலிருந்து திறந்து, கதவு விளிம்பில் உள்ள சின்னத் தாழை மாற்றுங்கள்.

சாவியே தொலைந்துவிட்டது

பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ விழாக் கூட்டத்தில் விழுந்திருந்தால், முதலில் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாவி மாற்றுவதற்கான கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கு இது தேவைப்படும். பின்னால் வண்டியே திருட்டுப்போனால் காப்பீட்டுக் கம்பெனி எல்லாச் சாவிகளையும் கேட்கும். ஒன்று ஏன் இல்லை என்பதற்கும் அந்த ரசீதுதான் பதில்.

புதுச் சாவிக்கு ஷோரூமில் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கார் வாங்கியபோது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகட்டில் எண் கொடுத்திருப்பார்கள். அது இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சாவியைப் பதிவு செய்ய வண்டி அங்கே போக வேண்டும், மிச்சமிருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும். பதிவு செய்யும்போதே தொலைந்த சாவியைக் கணினியில் இருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கிவிட்டால் அது வண்டியைக் கிளப்பாது, ரிமோட்டும் வேலை செய்யாது. அதன் இரும்புப் பாகம் மட்டும் கதவை எப்போதும்போலத் திறக்கும். சாவி தொலைந்த இடம் உங்கள் வீட்டுப் பக்கமாகவே இருந்தால், ஓட்டுநர் கதவின் பூட்டு உருளையையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.